முழம்

சோளகம் போய்விட்டது.
வாடை இன்னும் வந்து சேரவில்லை.
உப்புவெளியில் கடல் கறுத்துக் கிடக்கிறது,
படகுகளை மேலே இழுத்துவிட்டார்கள்.
எலியாவ் ஜிபுத்தியில், ஒரு கப்பலின் அடிவயிற்றில்,
ஏதோ வால்வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான்.
ஆகவே இந்த வாரப் பகுதி என் தலையில்.

மதம் மாறிப் பத்து வருடம்.
இன்னும் எபிரேய எழுத்துகள் எனக்குப்
பக்கவாட்டில் ஓடும் நண்டுகள்.
பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் முந்திப் படித்து வைக்கிறேன்,
அவ்வளவுதான் என் ஞானம்.

நோவா. பேழையின் நீளம் முந்நூறு முழம்,
அகலம் ஐம்பது, உயரம் முப்பது.
"முழமெண்டா பூக்காரி அளக்கிறதா?" என்றான் யோவாப்.
அதேதான்.
முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை.
கோணேசர் கோயிலடி மல்லிகைக்கும்
உலகம் தப்பிய பெட்டிக்கும் ஒரே அளவு.

அளந்து பார்ப்போம் என்றாள் தீர்சா.
சனிக்கிழமை அளக்கக் கூடாது, எழுதக் கூடாது;
இன்று வியாழன், இன்றைக்கே.
கோடு கீற ஓர் உடைந்த துடுப்பு.
கரையோரமாக ஜெனிற்றா ஓடி வந்தாள்,
கையில் பாதி கடித்த பணிஸ்.

பேழைக்கு எபிரேயத்தில் 'தேவா' என்று சொன்னேன்.
ஜெனிற்றா சிரித்தாள்:
"அது நாங்க செபத்தில கூப்பிடுறது, அன்ரி."
அதற்குச் 'சொல்' என்றும் பொருள் என்று தொடங்கினேன்.
யாரும் கேட்கவில்லை.

எங்கள் கேற்றிலிருந்து வடக்கே
தீர்சா மண்டியிட்டு மண்டியிட்டு அளந்தாள்.
ஒன்பது வயதுக் கை.
நூற்றுப்பத்தில் கருவாட்டுக் கொட்டில்.
இருநூறில் யாரோ கட்டத் தொடங்கிக்
கைவிட்ட ஹோட்டலின் தூண்கள்.
இருநூற்றறுபதில் ஒரு கிணறு,
வீடில்லாத கிணறு.
முந்நூறு.
அங்கிருந்து ஜெனிற்றா வீட்டுப் படிக்கு இன்னும் இருபது அடி.

"அப்ப நாங்க வெளியிலயா?"

பதில் ஆயத்தமாக வைத்திருந்தேன்.
'தன் காலத்தவருள் நீதிமான்' என்பது
நோவாவுக்குப் புகழா, குறையா என்று
பெரியவர்கள் பிரிந்து வாதாடியதை;
இன்னும் இரண்டு வாரத்தில் ஆபிரகாம் வந்து
ஐம்பது, நாற்பத்தைந்து, முப்பது என்று
மீன் சந்தையில்போலப் பேரம் பேசுவார் என்பதை.
இருபது அடி தள்ளி நிற்கிற பிள்ளைக்கு
இதில் எதைச் சொல்ல?

தீர்சா காலால் கோட்டை அழித்தாள்.
வலை பொத்திக்கொண்டிருந்த மத்தியாசிடம் போய்
"மாமா, கையைத் தாங்க" என்றாள்.
அவர் ஏன் என்று கேட்கவில்லை.
கேற்றடியிலிருந்து மறுபடியும்.
"லாபம், ரெண்டு, மூண்டு..."
மணலில் அந்தக் கை ஒரு துடுப்புப்போல விழுந்து விழுந்து எழுந்தது.

"மீனுக்கு என்ன நடந்தது?" என்றான் யோவாப்.
தரையில் மூச்சு விட்டவைதான் செத்தன,
மீனெல்லாம் தப்பிவிட்டது என்றேன்.
"மீன் தப்பினா நாங்களும் பிழைச்சிருப்பம்" என்றார் மத்தியாஸ்.

கிணற்றடியில் மட்டும் எண்ணாமல் கடந்தார்.
அந்த ஒரு முழத்தை நான் எண்ணிக்கொண்டேன்.
அங்கே இருந்தவர்கள் எத்தனை பேர் என்று
உப்புவெளியில் எல்லோருக்கும் தெரியும்.

அவருடைய முந்நூறு
ஜெனிற்றா வீட்டுப் படி, கோழிக்கூடு, கக்கூஸ்,
பெயரில்லாத பெட்டை நாய்
எல்லாவற்றையும் தாண்டிப் போய் நின்றது.
ஜெனிற்றா மிச்சப் பணிசை நாய்க்குப் போட்டாள்.

வெள்ளி இரவு வாடை வந்தது.
சனி காலை கோடு இல்லை, கரையே பாதி இல்லை.
கதவுகளை அடைத்துக்கொண்டு வாசித்தோம்.
நோவாவை உள்ளே விட்டு
அவரே வெளியிலிருந்து கதவைச் சாத்தினார்
என்ற இடத்தில் தீர்சா நிறுத்தினாள்.

"ஆற்ற முழமெண்டு எழுதியிருக்கா அம்மா?"

தேடினேன். மேலேயும் கீழேயும்.
எழுதியிருக்கவில்லை.
மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகு
போனை எடுத்து எலியாவைக் கேட்கலாம்.
இந்த மழையில் எங்கே
நட்சத்திரம்?